செரியால் சுருள் ஓவியம் : கதையா, காட்சியா?

'படம்' என்ற சொல்லை நாம் நாள்தோறும் எத்தனை தடவை சொல்கிறோம்! சுவரில் மாட்டுவது படம், கொட்டகையில் ஓடுவது படம், பேரப்பிள்ளை செல்போனில் எடுத்து அனுப்புவதும் படம்தான். ஆனால் இந்தச் சொல்லின் வேர் துணி. வடமொழியில் 'பட' என்றால் துணி, ஆடை. யானையின் நெற்றியில் கட்டும் துணியை நாம் இன்றும் 'முகபடாம்' என்கிறோம். துணியில் எழுதியதாலேயே ஓவியத்துக்குப் படம் என்ற பெயர் வந்தது. தமிழில் இதற்கு இன்னொரு சொல்லும் உண்டு: 'கிழி'. அகப்பொருள் மரபில் மடலேறும் தலைவன், தலைவியின் உருவத்தை எழுதிய கிழியைக் கையில் ஏந்தி ஊர் நடுவே வருவான். கிழியும் துணிதான்.

நாற்பது ஆண்டுகளாகச் செகந்திராபாத்தில் துணி அளந்து வயிறு வளர்ப்பவன் நான். எனவே துணியிலிருந்து தொடங்குவதை அன்பர்கள் மன்னிக்கணும். கல்லூரி வாசலை மிதிக்காதவன். கடையில் கூட்டமில்லாத மத்தியான வேளைகளில் படித்ததுதான் என் படிப்பு. நாம் பிழைக்க வந்த இந்தத் தெலங்கானா மண்ணில் துணியில் எழுதிய ஒரு பெரிய கலை இருக்கிறது. செரியால் சுருள் ஓவியம் என்று பெயர். அதைப் பற்றி நம் மலரில் இதுவரை யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அதை இன்று நாம் வாங்குகிற முறையும் மாட்டுகிற முறையும் சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

படம் காட்டிப் பிழைத்தவர்கள்

துணிப் படத்தைக் காட்டிக் கதை சொல்லிப் பிழைப்பது இந்த நாட்டில் மிகப் பழைய தொழில். சமண நூலான பகவதி சூத்திரம், ஆசீவக சமயத் தலைவரான மற்கலி கோசாலரின் வரலாற்றைச் சொல்லும்போது, அவருடைய தந்தை 'மங்க' என்ற தொழிலைச் செய்தவர் என்கிறது. படத்தைக் கையில் பிடித்து ஊர் ஊராய்ப் போய்க் காட்டிப் பிச்சை பெறுகிறவர்களுக்கு மங்கர் என்று பெயர். இந்த ஆசீவகர்களோடுதான் நம் நீலகேசி 'ஆசீவக வாதச் சருக்க'த்தில் வாதம் செய்கிறாள். ஆக, ஒரு சமயத்தின் தலைவரே படக்காரர் வீட்டுப் பிள்ளை.

விசாகதத்தரின் முத்ராராட்சச நாடகத்தில் சாணக்கியனின் ஒற்றன் யமபடம் காட்டுபவன் வேடத்தில் வருகிறான். எந்த வீட்டுக்குள்ளும் தடையில்லாமல் நுழைய அந்த வேடம் வசதி. பாணரின் ஹர்ஷ சரிதத்திலும் கடைத்தெருவில் யமபடம் காட்டுபவன் ஒருவன் வருகிறான். சுற்றிலும் பிள்ளைகள் கூட்டம். கி.பி. 779ல் உத்யோதன சூரி என்ற சமண ஆசாரியர் பிராகிருதத்தில் இயற்றிய குவலயமாலையில் சம்சாரச் சக்கரத்தை எழுதிய துணிப்படம் ஒன்று காட்டப்படுகிறது. பிறவி, நரகம், சுவர்க்கம் என்று ஒவ்வொன்றாய்ச் சுட்டிக்காட்டி விளக்கம் சொல்லப்படுகிறது.

இந்த எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. படம் தனியாக இல்லை. பக்கத்தில் சொல்கிற ஆள் இருக்கிறான், எதிரே கேட்கிற ஜனம் இருக்கிறது. ராஜஸ்தானத்தில் பாபுஜியின் கதையைப் 'பட்' என்ற துணியை விரித்துப் பாடும் போப்பாக்கள், வங்காளத்துப் பட்டுவாக்கள் எல்லாரும் இந்த வழியில் வந்தவர்களே. செரியால் சுருளையும் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கணும்.

செரியாலும் நகாசிகளும்

செரியால் முன்பு வாரங்கல் மாவட்டத்தில் இருந்தது. 2016ல் மாவட்டங்களைப் பிரித்தபோது சித்திப்பேட்டை மாவட்டத்துக்குப் போயிற்று. நம்மில் பலர் கொமரவெல்லி மல்லண்ணா கோயிலுக்குப் போயிருப்போம், அந்தப் பக்கம்தான். என்னைப் போன்ற சமணர்கள் ஆலேருக்கு அருகில் உள்ள கொலனுபாக்கம் ஜினாலயத்துக்குப் போவோம். (இங்கே ஜைனர் என்றால் மார்வாடி என்றே நினைப்பார்கள். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ் நயினார் என்று நான் சொன்னால் இன்றும் இரண்டு தடவை விளக்கணும்.) அங்கிருந்தும் செரியால் அதிக தூரமில்லை.

இந்தப் படங்களை எழுதுகிறவர்களுக்கு நகாசிகள் என்று பெயர். உருதுவில் நக்ஷ் என்றால் சித்திரம், நக்காஷ் என்றால் சித்திரம் எழுதுபவர். நம் ஊர்ப் பொற்கொல்லர் சொல்கிற 'நகாசு வேலை' இதே சொல்தான். படம் எழுதுவதோடு பொம்மையும் முகமூடியும் செய்வார்கள். பொனிகி என்ற லேசான மரம், மரத்தூள், புளியங்கொட்டைப் பசை இவைதான் அதற்கு மூலப்பொருள்.

சுருள் செய்கிற முறையைத் துணிக்காரன் கண்ணோடு சொல்கிறேன். கைத்தறிக் காடாத் துணியை எடுத்துக்கொள்வார்கள். அரிசிக் கஞ்சி, 'சுத்த மட்டி' என்கிற வெள்ளை மண், புளியங்கொட்டைக் கூழ், பிசின் எல்லாம் கலந்து துணியின் மேல் பூசுவார்கள். காய்ந்ததும் மறுபடி பூச்சு. இப்படி மூன்று தடவை. துணியின் கண் அடைந்து தாள்போல வழவழப்பாகிவிடும். ஆனால் சுருட்டினால் வெடிக்காது. அதில்தான் கைத்திறன் இருக்கிறது. கஞ்சி கூடினால் மடிப்பில் நொறுங்கும், குறைந்தால் வர்ணம் ஊறிப் பரவும். வர்ணமும் பழைய முறையில் வீட்டிலேயே தயாரானது. சிப்பியை அரைத்து வெள்ளை, விளக்குப் புகைக்கரியில் கறுப்பு, அவுரியில் நீலம், இங்கிலிகத்தில் சிவப்பு. அணில் முடியில் தூரிகை.

அளவு? பன்னா சுமார் 3 அடி. நீளம் 30 அடியிலிருந்து 60 அடி வரை. நம் கடைக் கணக்கில் சொன்னால் ஒன்றரைச் சேலை முதல் மூன்று சேலைக்கும் மேல். அந்த நீளத்தை மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் பூவேலைக் கரை போட்டு, கதையை எழுதிக்கொண்டே போவார்கள். முதல் கட்டத்தில் பிள்ளையார் இருப்பார்.

யாருக்காக எழுதப்பட்ட படம்?

சுருள் ஓவியம் என்றதும் ராமாயணம், பாரதம் என்று நாம் நினைத்துக்கொள்வோம். அவையும் உண்டு. ஆனால் இந்தக் கலையின் உயிர்நாடி குலபுராணம். தெலங்கானா கிராமங்களில் ஒவ்வொரு உழைக்கும் சாதிக்கும் ஒரு புராணம் உண்டு. அந்தப் புராணத்தைச் சொல்வதற்கென்றே அந்தச் சாதியை அண்டி வாழும் ஒரு கதைசொல்லிக் கூட்டமும் உண்டு. நம் தமிழ்நாட்டில் 'ஜாதிப்பிள்ளை' என்று சொல்வார்களே, அதுபோல. பத்மசாலி நெசவாளருக்குக் கூனப்புலிகள், முதிராஜுக்குக் காக்கி படகலர், மாதிகருக்கு டக்கலிகள். இன்ன குடும்பத்துக்கு இன்ன ஊர் என்று கதைசொல்லிகளுக்குள் பரம்பரை உரிமையும் இருந்தது.

கதைசொல்லி நகாசியிடம் போவார். பழைய சுருள் நைந்திருந்தால் அதையும் கொண்டுபோவார், கதையையும் சொல்வார். நகாசி புதிதாக எழுதித் தருவார். பூசை போட்டுத்தான் சுருள் வெளியே போகும். இற்றுப்போன சுருளைக் குப்பையில் எறிய மாட்டார்கள், ஆற்றில் விட்டுவிடுவார்கள். பழைய சுருள்கள் அதிகம் மிஞ்சாததற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம்.

கதைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பத்மசாலிகளின் புராணத்தில் மார்க்கண்டேய மகரிஷியின் மகன் பாவனா ரிஷி. தேவர்களுக்கு உடுக்கத் துணி இல்லாத காலத்தில் தாமரைத் தண்டின் நாரை எடுத்து முதல் துணியை நெய்தவர் அவர். சூரியனின் மகள் பத்ராவதியை மணந்தவர், புலியை அடக்கியவர். நெசவாளர் நெய்த துணியிலேயே முதல் நெசவின் கதையை எழுதிக் காட்டுகிறார்கள்! துணி வியாபாரியான எனக்கு இதைவிடப் பெரிய அழகு வேறு கிடையாது.

கள்ளிறக்கும் கௌடுகள் தங்களைக் கௌண்டின்ய மகரிஷியின் வழியினர் என்பார்கள். அவர்களின் புராணம் கௌட புராணம். அவர்களின் தெய்வம் ரேணுகா எல்லம்மா. வண்ணாருக்கு மடேல் புராணம். மாதிகருக்கு ஜாம்பவ புராணம். உலகம் உண்டாவதற்கு முன்பே ஆதி ஜாம்பவர் இருந்தார், அவரே எல்லாருக்கும் மூத்தவர் என்று அது சொல்கிறது. ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள், 'இந்த ஊர் உண்டாகும் முன்னாலேயே நாங்கள் இருந்தோம்' என்று தங்கள் தெருவில், விளக்கு வெளிச்சத்தில், படத்தைத் தொட்டுக்காட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது? இது ஒரு பத்திரம். நிலம் இல்லாதவர்களின் கையில் இருந்த பட்டா.

இதை மிகைப்படுத்திப் புகழவும் நான் தயாரில்லை. இந்த ஏற்பாட்டிலும் மேல் கீழ் உண்டு. மாதிகருக்குக் கதை சொல்லும் டக்கலிகள் மாதிகருக்கும் கீழாக நடத்தப்பட்டவர்கள். ஜாம்பவ புராணத்தில் காமதேனுவை அடித்துச் சமைத்த கதையும் வருகிறது. மாதிகர் தாழ்ந்ததற்கான காரணமாகவே அது சொல்லப்படுகிறது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கிற சமணன் நான். அந்த இடம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் பத்திரத்தில் எனக்குப் பிடிக்காத வரியை நான் அடிக்க முடியுமா? அது அவர்களின் கதை. அதைச் சொல்லவும் மாற்றவும் அவர்களுக்கே உரிமை.

சுருளின் இலக்கணம்

இனி இதை ஓவியமாக எடைபோட்டுப் பார்ப்போம். எங்கள் சமண ஓவியத்திலிருந்து ஒரு ஒப்பீடு சொல்கிறேன். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387ல் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர், கண்ணன் வரலாறுகளைப் பட்டை பட்டையாக எழுதியிருக்கிறார்கள். இன்று காணும் ஓவியங்கள் பிற்காலத்தவை. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே இது இன்னது என்று குறிப்பும் எழுதியிருக்கும். டி.என். ராமச்சந்திரன் 1934ல் இக்கோயில் பற்றி எழுதிய நூல் இன்றும் வழிகாட்டி.

அங்கே படம் அசையாது. நாம்தான் கழுத்தை நிமிர்த்தி நடந்து நடந்து பார்க்கணும். சந்தேகம் வந்தால் எழுத்தைப் படித்துக்கொள்ளலாம். செரியாலில் தலைகீழ். நாம் உட்கார்ந்திருக்கிறோம், சுருள் மேலே தொங்குகிறது, சொல்லச் சொல்ல அவிழ்கிறது. எழுத்தின் வேலையை அங்கே கதைசொல்லியின் வாய் செய்கிறது. இரண்டுக்கும் பொது, பட்டை பட்டையாகக் கதையை ஓட்டுவது. வேறுபாடு, அடுத்தது என்ன என்பதைக் கோயில் விதானம் மறைக்காது; சுருள் மறைக்கும். இன்னும் அவிழாத துணிக்குள்தான் கதையின் சுவாரசியம் இருக்கிறது.

செரியால் படத்தின் ஓவிய குணங்கள் யாவும் இந்த உபயோகத்திலிருந்தே வருகின்றன என்பது என் கணிப்பு. பின்புலம் ஏன் நல்ல சிவப்பாக இருக்கிறது? இரவில் தூரத்தில் உட்கார்ந்தவனுக்கும் உருவம் தனித்துத் தெரியணும். கண்கள் ஏன் அவ்வளவு பெரிது? பத்துப் பதினைந்து முழத்துக்கு அப்பால் இருப்பவனைப் பார்க்கிற கண் அது. மரம், வீடு, வானம் எல்லாம் ஏன் பெயருக்கு மட்டும்? இடத்தை வர்ணிப்பது கதைசொல்லியின் வேலை. ஓவியர் ஆளை நிறுத்தினால் போதும். ஒரே முகம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? முன்கட்டத்தில் பார்த்த நாயகனை அடுத்த கட்டத்தில் உடனே அடையாளம் கண்டுகொள்ளணும். தூரக்காட்சி தெரியாதவர்கள், முகபாவம் வராதவர்கள் என்று சிலர் இதைக் குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பந்திக்குச் செய்த சாம்பாரை ஒரு கரண்டி தனியாக எடுத்து ருசி பார்த்து உப்பு சொல்வதுபோலத்தான் அது.

சுருக்கமாகச் சொன்னால், சுருளின் இலக்கணம் வரிசை. ஒரு கட்டம் அடுத்த கட்டத்துக்கு ஏங்கி நிற்கணும். தனிக் கட்டத்தின் அழகு இரண்டாம் பட்சம்.

சட்டத்துக்குள் வந்த பிறகு

கிராமத்தில் சினிமா வந்தது, பிறகு டிவி வந்தது. நெசவாளரும் கள்ளிறக்குபவரும் பிழைப்புத் தேடி நம்மைப் போலவே ஹைதராபாத்துக்கும் பம்பாய்க்கும் சூரத்துக்கும் போனார்கள். கதை கேட்க ஆள் குறைந்தபோது புதுச் சுருள் எழுதச் சொல்லவும் ஆளில்லை. பல நகாசிக் குடும்பங்கள் தொழிலை விட்டன. அந்த நெருக்கடியில்தான் கைவினை வாரியத்தினரும் கலை ஆர்வலரும் வேறு வழி காட்டினார்கள். நீளச் சுருளை விட்டு, சுவரில் மாட்டுகிற அளவுக்கு ஒரு கட்டம், இரண்டு கட்டம் எழுதித் தரலாம் என்றார்கள். அது பிடித்துக்கொண்டது. தேசிய விருது பெற்ற டி. வைகுண்டம் போன்ற ஓவியர்களால் கலையின் பெயர் வெளிநாடு வரை போனது. புவிசார் குறியீடும் கிடைத்தது. 2014ல் தெலங்கானா தனி மாநிலம் ஆனபின் அரசு விழாக்களிலும் பரிசுப் பொருள்களிலும் செரியால் இடம்பெற்றது.

இதெல்லாம் நல்லதுக்குத்தான். நான் வியாபாரி, விற்காத சரக்கு மடங்கி மக்கிப்போகும் என்பது தெரியும். 'கலையைச் சந்தைக்குக் கொண்டுவந்து கெடுத்தார்கள்' என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. சந்தை வராமல் இருந்திருந்தால் இன்று நகாசியும் இல்லை, நகாசும் இல்லை. ஓவியர் சோறு தின்ன வேண்டாமா?

ஆனால் என்ன விற்கிறது என்று பாருங்கள். நகரத்துக் கடைகளில் தொங்கும் செரியால் சட்டங்களில் பெரும்பாலும் நாம் காண்பது: பனை ஏறுகிறவர், குடம் சுமக்கும் பெண்கள், மாட்டு வண்டி, தறி நெய்கிறவர், பதுக்கம்மா, திருமணம். 'கிராம வாழ்க்கை' என்று பெயர். ஒரு கடையில் பனை ஏறுகிறவர் படத்தைக் காட்டி "ஈயன எவரண்டி?" (இவர் யாருங்க?) என்று கேட்டேன். விற்பனைப் பையன் சிரித்துக்கொண்டே "எவரு லேது சார், வில்லேஜ் சீன்" என்றான். யாரும் இல்லையாம்!

அவன் மேல் தப்பில்லை. சட்டத்தில் இருக்கும்போது உண்மையில் அவர் யாரும் இல்லைதான். அதே கள்ளிறக்குபவர் கௌட புராணச் சுருளில் இருந்தபோது மகரிஷியின் வம்சத்தில் வந்தவர், எல்லம்மாவோடு உறவுள்ளவர், அவருக்கு முன்னால் ஒரு கட்டம் இருந்தது, பின்னால் ஒரு கட்டம் இருந்தது. சட்டத்துக்குள் வந்ததும் முன்னோர் போய்விட்டார்கள், பின்னோரும் போய்விட்டார்கள். தறியும் அப்படியே. பாவனா ரிஷியின் தறி வேறு, 'நெசவுக் காட்சி' வேறு. முன்பு அந்தச் சாதிக்காரர்கள் பணம் கொடுத்துத் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். இப்போது நாம் பணம் கொடுத்து அவர்களை வேடிக்கை பார்க்கிறோம். நகாசியின் கை அன்றைக்கு எழுதிய அதே கைதான், கோடும் பழுதில்லை. பார்க்கிறவன் மாறிவிட்டான். இதுதான் என் குற்றச்சாட்டு. ஓவியர் மேல் அல்ல, நம் மேல்.

எங்கள் தொழிலில் 'பிட்டு' என்று ஒன்று உண்டு. தானில் மிஞ்சிய துண்டுத் துணி. பிட்டிலும் நல்ல துணி இருக்கும். ஜாக்கெட்டுக்கு ஆகும், பைக்கு ஆகும். ஆனால் நல்ல சேலையை யாரும் பிட்டாக வெட்டி விற்க மாட்டார்கள். முந்தி ஏன் அங்கே இருக்கிறது, கரை ஏன் இப்படி ஓடுகிறது என்பது முழுச் சேலையாக இருக்கும்போதுதான் விளங்கும். செரியாலை இன்று நாம் பிட்டுக் கணக்கில் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஓவியத்திலும் இதன் விளைவு தெரிகிறது. சிறு சட்டத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதால் கோடு மெலிந்து இனிப்பாகிவிட்டது. நகை, சேலைக் கரை எல்லாம் நுணுக்கமாகிவிட்டன. பின்புலச் சிவப்பு சோபா நிறத்துக்கு ஏற்றபடி பச்சை, நீலம், கறுப்பு என்று மாறுகிறது. கடை வர்ணம் வந்துவிட்டது. இவை தனித்தனியே பார்த்தால் அழகாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு கட்டம் அடுத்த கட்டத்துக்கு ஏங்குகிற அந்தத் தவிப்பு இல்லை. எல்லாரும் நம்மைப் பார்க்க நின்றுகொண்டிருக்கிறார்கள். யாரும் எங்கேயும் போகவில்லை.

அருங்காட்சியகம் போதுமா?

'முழுச் சுருள்தான் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறதே' என்று கேட்கலாம். நம் ஹைதராபாத்திலேயே ஜகதீஷ் மித்தல், கமலா மித்தல் தம்பதியர் 1976ல் அமைத்த அருங்காட்சியகத்தில் தெலங்கானாச் சுருள்கள் உண்டு. இக்கலையின் மதிப்பை ஊருக்கு எடுத்துச் சொன்னவர்களில் மித்தல் முக்கியமானவர். அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆற்றோடு போயிருக்க வேண்டியது அவரால் மிஞ்சியது.

ஆனால் அருங்காட்சியகச் சுருளும் பாதி ஊமைதான். 60 அடித் துணியை விரித்துக் காட்ட எந்தச் சுவரில் இடம் இருக்கிறது? ஏதோ சில கட்டங்கள் தெரியும், மற்றவை சுருண்டிருக்கும். வாயும் இல்லை, வரிசையும் முழுதாக இல்லை. சட்டமும் அருங்காட்சியகமும் துணியைக் காப்பாற்றின, கையைக் காப்பாற்றின. வாயைக் காப்பாற்ற யாரும் இல்லை. கதைசொல்லிக் குடும்பங்கள் இன்றும் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. நகாசிக்கு விருது கிடைத்த அளவுக்குக் கூனப்புலிக்கோ டக்கலிக்கோ கிடைத்ததா? படம் எழுதியவருக்குப் பெயர் உண்டு, படத்தைப் பேச வைத்தவரை யார் என்று கேட்பாரில்லை. செரியாலைப் பற்றிப் பேசும்போது பாதிக் கலையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு இதுவே சாட்சி.

நமக்கு என்ன?

தெலுங்குக்காரர் கலைக்கு நாம் ஏன் கவலைப்படணும் என்று யாராவது நினைத்தால், நம் வீட்டுச் சுவரைக் கொஞ்சம் பாருங்கள். தாத்தா படம் இருக்கும். பேரனைக் கேட்டால் "தாத்தாவுக்கு அப்பா" என்பான். அவர் எந்த ஊர், என்ன பண்ணினார், எதற்காக ஊரை விட்டு வந்தார் என்று கேட்டால் தெரியாது. சட்டம் இருக்கிறது, சுருள் இல்லை. வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கு முதலில் போவது இந்த வரிசைதான். நம் சங்கமே அந்த வரிசையைக் கட்டிக் காக்க ஏற்பட்டதுதானே?

நம் ஊரிலும் இதே நிலைதான். தஞ்சாவூர் மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலுக்கென்று துணியில் எழுதிய கலம்காரி இன்று ஒன்றிரண்டு குடும்பங்களின் தோளில் நிற்கிறது. கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் 2021ல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு போலியைத் தடுக்கும். கோயிலில் தொம்பை கட்டுகிற வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவராது. அதை மனிதர்கள்தான் செய்யணும்.

முடிவாக, வியாபாரி பாஷையில் மூன்று யோசனை. ஒன்று, செரியால் வாங்குகிறவர்கள் ஒற்றைச் சட்டமாக வாங்காமல், ஒரு கதையின் நாலைந்து கட்டங்களை வரிசையாகக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். கேட்பவன் இல்லாததால்தான் எழுதவில்லை. இரண்டு, வாங்கும்போது இவர் யார், இதற்கு முன்கதை என்ன என்று ஓவியரிடமே கேளுங்கள். கேட்டதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிப் படத்தின் பின்னால் ஒட்டுங்கள். பேரப்பிள்ளை ஒருநாள் திருப்பிப் பார்ப்பான்.

மூன்று, நம் சங்கத்துக்கு. ஆண்டு விழாவில் மெல்லிசைக் குழுவுக்கு நாம் செலவு செய்வதில் ஒரு பகுதி போதும். ஒரு கதைசொல்லிக் குழுவை அழைத்து, சுருளை மேடையில் தொங்கவிட்டு, ஒரு மணி நேரமாவது சொல்லச் சொல்லலாம். பாவனா ரிஷி கதையே இருக்கட்டும். நம்மில் துணி வியாபாரிகள் அதிகம். தெலுங்கு புரியாத நம் பெரியவர்களுக்கு இடையிடையே தமிழில் எடுத்துச் சொல்ல நான் இருக்கிறேன். செலவில் என் பங்கையும் செயலாளரிடம் சொல்லிவிட்டேன். மற்ற அன்பர்களும் பெயர் கொடுத்தால் தேதி குறித்துவிடலாம்.